புல்லுக்கு ஒரு மெக்கானிக்

புதுச்சேரியில் பிறந்துவிட்டு, கோல்ஃப் மைதானப் புல்வெட்டிக்கு உதவி மெக்கானிக் ஆக ஆசைப்படலாமா? இங்கிலீஷ்காரன் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோல்ஃபை விட்டுப்போனான். நம்ம பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது பெத்தாங்க்: நாலு இரும்புக் குண்டு, கொஞ்சம் சரளைத் தரை. புல்லே வேண்டாம்; மெக்கானிக் எதற்கு?

ஊட்டிக்கே போனாலும் வேலை லேசில்லை. குழியைச் சுற்றிப் புல் மூன்று, நாலு மில்லிமீட்டர்தான் நிற்கலாம். சுழலும் ரீலுக்கும் அடிக்கத்திக்கும் நடுவே பேப்பர் துண்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிசிறில்லாமல் அறுந்தால் கத்தி சரி. (தலையங்கப் பக்கம் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை.)

1830-ல் எட்வின் பட்டிங் புல்வெட்டியைக் கண்டுபிடித்ததே, ஜவுளி மில்லில் துணிப் பிசிறு வெட்டும் மெஷினைப் பார்த்துத்தான். பார்க்க இங்கே மில்லும் இல்லை: புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. ஜவுளி மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள்.