கத்தியின் வயதும் கண்டெடுத்தவரின் ஆசையும்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், மழையும் மனிதரும் அருகிப்போன 'அவுட்பேக்' என்னும் வறண்ட நிலத்தில் துருவேறிய மடக்குக் கத்தி ஒன்று அகப்படுமாயின், அதன் வயதை முதலில் கணிப்பது கண்டெடுத்தவரின் ஆசையே. அக்கணிப்பின்படி கத்தி பெரும்பாலும், 1861இல் கூப்பர் ஓடைக்கரையில் உயிர்நீத்த பர்க், வில்ஸ் என்னும் பயணிகளுடையதாகவே அமையும். ஒரு சேகண்டி உள்ளிட்ட ஏறத்தாழ 20 டன் சாமான்களோடு 1860இல் புறப்பட்ட அவர்களது குழு, இன்று அதன் பெயரில் எழுதப்படும் கத்திகளையெல்லாம் சுமந்திருந்தால் மெல்போர்ன் நகர எல்லையையே தாண்டியிருக்காது.

கத்தியின் சொந்த வாக்குமூலம் அலகின் அடியில், பிடியை ஒட்டி, நகக்கண் அகலத்தில் பதிந்திருக்கும் முத்திரையில் உள்ளது; எனினும் அதைப் படிப்பதற்கு முன்பே உப்புத்தாள் கொண்டு துருவோடு சேர்த்துத் தேய்த்துவிடுவது மரபு. தப்பிய முத்திரையில் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் தென்பட்டால், அது இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஜோசப் ரோட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம்; அல்லது, அந்நாளில் போலிக்கும் பஞ்சமில்லையாதலால், அவ்வடையாளத்தின்மீது ஆசைகொண்ட வேறொருவரின் கைவரிசை. மகுடத்தோடு 'வி ஆர்' என்றிருந்தால் 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா அரசியின் காலம் எனலாம். இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்குமாறு அமெரிக்கா 1890இல் சட்டம் இயற்றியதால், 'இங்கிலாந்து' என்ற சொல் காணப்படின் அதற்குப் பிந்தியதாகக் கொள்வது பெரும்பாலும் பொருந்தும். அலகு துருவே ஏறாமல் மின்னினாலோ பர்க்கும் வில்ஸும் ஒருசேர விடைபெறுவர். ஏனெனில் நம் வீடுகளில் எவர்சில்வர் எனப்படும் துருவேறா எஃகை ஹாரி பிரியர்லி ஷெபீல்டில் உருவாக்கியது 1913இல்தான்.

இத்தனையும் கத்தி பிறந்த ஆண்டையே சொல்லும், தொலைந்த ஆண்டைச் சொல்லாது. மாடு மேய்ப்போர் தந்தையின் கத்தியை அலகு ஈர்க்காய்த் தேயும்வரை தீட்டியவர்களாதலால், இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறையே கழிந்திருக்கலாம். அவர்கள் விரும்பிய மூன்றலகுக் கத்தியில் முனை மழுங்கிய அலகு கன்றுகளுக்குக் காயடிப்பதற்கென அமைந்தது. இவ்விவரம், கூர் பார்க்கும் ஆவலில் அதனாலேயே ஆப்பிள் நறுக்கி உண்டு முடித்த பின்னரே கண்டெடுத்தவர்களை எட்டுகிறது.