கட்டக்கடைசி ஃபைனல்

இன்னா நைனா, மூஞ்சி ஒரு முழம் தொங்கிக்கினு கீது? கம்ப்யூட்டர்ல படம் போடுற புள்ளைக்கு ஏசி ரூமு, சுத்துற சேரு, காதுல ஹெட்போனு, ஜாலியான பொயப்புன்னு உங்கம்மா தெரு பூரா சொல்லிக்கினு திரியுது. நீ இன்னாடான்னா "ஏஐ வந்துட்சு தாத்தா, என் வேல காலி"ன்ற. சரி, குந்து. நான் காசிமேட்டுல போட்டுக்கு நம்பர் எய்தினவன், ராயபுரத்துல கட்சிக்காரனுங்களுக்கு பேனர் வரைஞ்சவன். இப்ப ரெண்டும் இல்லாம திண்ணையில குந்திகினுகீறேன். வேல எப்படி காலியாவும்னு என்னாண்ட கேக்காம வேற யாராண்ட கேக்கப்போற?

மொதல்ல இத்த சொல்லு. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூமுல லைட்டு எரிஞ்சிது. ஏஐயாடா உன்ன முழிக்க வெச்சுது? மூணாவது தெரு கியவி செத்துட்சு. பேரன்காரன் வாட்சப்புல ஒரு கல்யாண குரூப் போட்டோவ தட்டி உட்டான். அதுல கியவி பின் வரிசையில நிக்குது. முன்னாடி நிக்கிறவ தலையில வெச்ச பூ பாதி கன்னத்த மறைக்குது, தோளு மேல எவனோ கைய போட்டுக்கினு கீறான். "அண்ணா, பாட்டிய மட்டும் தனியா எடுத்து, பட்டுப்பொடவ கட்டி, ரவ சிரிக்கிற மாறி பண்ணுணா. காலைல ஆறு மணிக்கு கண்ணீர் அஞ்சலி ஒட்டணும்." நீயும் கைய அழிச்ச. மறைஞ்ச கன்னத்துக்கு இந்தாண்ட கன்னத்த வெட்டி திருப்பிப் போட்டு ஒட்டுன. ஒட்டினா மூக்குத்தி ரெண்டு பக்கமும் வந்து நிக்குது. எது நெசம்னு தெரியாம பேரனுக்கு போன் போட்ட. அவனுக்கும் தெரியல. அவன் அவங்கம்மாவ எழுப்பி, அந்தம்மா அழுதுக்கினே "இடது பக்கம்"னு சொன்னப்போ மணி மூணு. நாலு மணிக்கு மறுபடியும் போன்: பெரிய மருமகன் பேரு சின்னவனுக்கு கீய போயிட்சாம், பொணத்தாண்டயே சண்டையாம். மாத்துன. துட்டு? "காரியம் முடியட்டும்ணா." பதினாறாம் நாளு காரியமும் முடியும் பாரு, அதோட உன் நம்பரும் அவன் போன்லருந்து காரியமாயிடும்.

இந்த வேலைய ஏஐ புடுங்கிக்கும்னு பயப்படுற. புடுங்கிக்கினா நீ ராத்திரி தூங்கலாமேடா!

அப்பால உன் கட்சி பேனரு. சதுர அடிக்கு டீக் காசு ரேட்டுல ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன், டிசைன ஓசின்னு சொல்லி ஆளு புடிக்கிறான். ஓசின்ற அந்த டிசைன்ல எத்தினி வில்லங்கம்னு அவனுக்கு இன்னா தெரியும்? தலைவரு மண்ட இத்தினி பெருசு, மாவட்டம் அதுல பாதி, பகுதி அதுல பாதி, வட்டச் செயலாளரு ஸ்டாம்ப் சைஸு. துட்டு குடுக்கிறவன் மூஞ்சி கடைசி வரிசையில, ஆனா வேட்டி கட்டி கும்பிட்டுக்கினு முழு ஒசரத்துக்கு நிக்கணும். போன வாரம் பதவி போனவன் மூஞ்சி தெரியாத்தனமா உள்ள வந்துட்சுன்னா உன் மூஞ்சி வெளிய வராது. "இன்னும் வெள்ளையாக்கு, இன்னும் வெள்ளையாக்கு"ன்னு தலைவர டியூப்லைட் ஆக்குற வரைக்கும் உட மாட்டானுங்க. உன் ஃபைல் பேர எட்டிப் பாத்தேன் நைனா: ஃபைனல், ஃபைனல் ரெண்டு, புது ஃபைனல், கட்டக்கடைசி ஃபைனல், அதுக்கும் கீய "கட்டக்கடைசி ஃபைனல் கரெக்‌ஷன்." அஞ்சு தபா கரெக்‌ஷனுக்கும் ஒரே ரேட்டு. பெய்ன்ட் டப்பா புடிச்ச காலத்துல எவனாவது "ரவ வேற கலர்ல காட்டு"ன்னா, "பெய்ன்ட் துட்ட வை"ன்னு சொல்லுவோம், அடங்கிடுவான். உன் கலருக்கு டப்பா இல்ல, அதான் அவனுக்கு கை கூசல.

எங்க கதைய கேளு. 1957-ல வணங்காமுடி படத்துக்கு சித்ரா தியேட்டராண்ட சிவாஜிக்கு 80 அடி கட்-அவுட் வெச்சானுங்க. கைல இருக்கிற சின்ன போட்டோ மேல பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போட்டு, அதே கட்டத்த பெருசா பிளைவுட்ல போட்டு, கட்டத்துக்கு கட்டம் பாத்து ஏத்துறது. ஒரு கண்ணு வரையறவன் சாரத்து மேல நின்னா அவனுக்கு அது கண்ணுன்னே தெரியாது, எறங்கி ரோட்டுக்கு அந்தாண்ட போய் பாத்தாதான் தெரியும். அப்பேர்ப்பட்ட கைங்க அத்தினியும் ஃப்ளெக்ஸ் மெஷின் வந்ததும் சுண்ணாம்பு அடிக்க போயிட்சு. மெஷின் அடிச்சுதுன்னு எல்லாரும் எய்துறானுங்க. பாதிதான் நெசம். பேனரு மூலையில இன்ன ஆர்ட்ஸ்னு கம்பெனி பேரு இருந்துச்சு, சாரத்துல தொங்குனவன் பேரு இல்ல. மெஷின் வந்தப்போ கடைக்காரன் கடனுக்கு மெஷின் வாங்கி போட்டு அதே கஸ்டமருக்கு அதே பேர்ல யாவாரம் பண்ணான். பிரஷ் புடிச்சவனாண்ட பிரஷ் மட்டும்தான் இருந்துச்சு. கஸ்டமரும் அவன்து இல்ல, போர்டும் அவன்து இல்ல, வரைஞ்சதுக்கு ஒரு துண்டு ரசீது கூட இல்ல.

ஃப்ளெக்ஸ்காரன் மட்டும் வாய்ந்தானா? 2017-ல உசுரோட இருக்கிறவன் படத்த பேனர்ல போடக்கூடாதுன்னு ஐகோர்ட்டு சொல்லிட்சு. 2019 செப்டம்பர்ல பள்ளிக்கரணையில கல்யாண பேனர் ஒண்ணு உயுந்து, வண்டியில போன பொண்ணு லாரில மாட்டி செத்துப்போச்சு. ஊரே கொதிச்சு, கட்சிங்களே பேனர் வேணாம்னு அறிக்கை உட்டானுங்க. எங்கள தூக்கின மெஷினு கொஞ்ச நாளு துணி மூடி குந்திகினு இருந்துச்சு. இத்த பாத்து நான் சிரிச்சேன்னு நெனச்சுக்காத. மெஷினாண்ட நின்னவனும் கூலிக்காரன்தான்.

சரி, பெரிய கம்பெனிக்கு போறேன்ற. உன் ஃப்ரெண்டு போறானே, விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி வடபழனிக்கு, நைட் ஷிப்ட்டு. 2021-ல மெட்ரோ வந்தப்போ திருவொத்தியூர்காரன் ஊரோட சேந்துட்டான்னு குதிச்சான். அவன் பண்றது ரோட்டோவாம். ஹாலிவுட் ஹீரோ முடிய ஒவ்வொரு பிரேமா கத்திரிக்கிறது. ஒரு செகண்டுக்கு 24 பிரேமு. காத்துல முடி பறக்குற சீனு வந்தா காலண்டர்ல ஒரு வாரம் பறந்துடுது. படத்து கடைசியில பேரு ஓடும்போது அவன் பேரு தேடினா, சமையல்காரன் பேரு வருது, காரோட்டி பேரு வருது, இவன் பேரு வர்றதுக்குள்ள தியேட்டர்ல லைட்ட போட்டு பெருக்க வந்துட்றானுங்க. பாதி படத்துல பேரே போடறதில்ல.

நம்ம பாண்டிச்சேரி கதைதான லைஃப் ஆஃப் பை? அந்த புலிய செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி 2013 பிப்ரவரில திவாலு நோட்டீஸ் குடுத்துட்சு. அதே மாசம் அதே புலிக்கு ஆஸ்கரு. மேடையில ஒருத்தரு கம்பெனி கஷ்டத்த சொல்ல வாய தொறந்தாரு, ஜாஸ்ன்ற இங்கிலீஷ் சுறாமீன் படத்து மியூசிக்க போட்டு எறக்கி உட்டானுங்க. வெளிய அந்த தொயில்காரனுங்க பதாகை புடிச்சிக்கினு நின்னானுங்க. 2025 பிப்ரவரில டெக்னிகலருன்ற கிராபிக்ஸ் கம்பெனி, நூறு வருசத்து பேரு, படுத்துட்சு. பெங்களூர்லயும் மும்பையிலயும் ஆயிரக்கணக்குல பசங்க தெருவுக்கு வந்தானுங்க. பெரிய கம்பெனின்னா இன்னான்ற? உயும்போது சத்தம் பெருசா கேக்கும், அவ்ளோதான்.

இப்ப உன் ஏஐக்கு வர்றேன். 2025 மார்ச்சுல ஊருல கீற அத்தினி பேரும் ஏஐயால ஜப்பான் கார்ட்டூன் மாறி கிப்ளி படமா மாறிட்டானுங்க. மீன் ஏலம் உடுற அக்கா, ஷேர் ஆட்டோக்காரன், உங்க சித்தப்பன் தொப்பையோட, எல்லாம் பெரிய கண்ணு, ரோஸ் கன்னம். அந்த கிப்ளி படங்கள எடுத்த மியாசாகி பெருசு 2016-லயே மெஷின் செஞ்ச அனிமேசன காட்டினவனுங்கள மூஞ்சிக்கு நேரா திட்டி அனுப்பினவரு. அவரு ஆயுசு பூரா கையால வரைஞ்ச பாணி, ஒரு வாரத்துல ஓசிக்கு வந்துட்சு. நீ கோவமா ஸ்டேட்டஸ் போட்ட, "கலைஞனின் உழைப்பைத் திருடாதே"ன்னு. சோக்கா இருந்துச்சு. அத்த எதுல டிசைன் பண்ண? 1990-ல வந்த போட்டோஷாப்பு, இன்னிக்கும் ஒரு பைசா குடுக்காம கிராக் பண்ணதுதான உன் மெஷின்ல கீது? கூகுள்லருந்து எடுத்த சாமி படத்துக்கு மேல உன் பேர வாட்டர்மார்க் போட்டியே, அந்த சாமிய வரைஞ்சவன் யாருன்னு தேடினியா? சும்மா கேட்டேன்பா, மொறைக்காத.

ஐகோர்ட்டாண்ட டீ குடிச்சே பாதி ஆயுசு கழிச்சவன் நானு. வக்கீலு பீஸ் இல்லாம ரெண்டு சொல்றேன், காதுல போட்டுக்கோ. 1957 காப்பிரைட் சட்டத்துல 17-ஆம் பிரிவுன்னு ஒண்ணு கீது. துட்டு குடுத்து படமோ உருவமோ வரையச் சொன்னா, வேற மாறி பேசி வெச்சுக்காத வரைக்கும், மொத ஓனரு துட்டு குடுத்தவன்தான். நீ வேர்வ சிந்துனது ஓனர்ஷிப் ஆவாது. "லோகோ உனக்கு, வேற எங்கயும் யூஸ் பண்ணா தனி ரேட்டு"ன்னு வாட்சப்புல ரெண்டு வரி தட்டி, அவன் ஓகே சொன்னத பத்திரமா வெச்சுக்கோ. உரிமைய எய்திக் குடுக்கிற பேப்பர்ல வருசம் போடலன்னா 5 வருசம்னுதான் 19-ஆம் பிரிவு எடுத்துக்கும். எந்த ஊருன்னு போடலன்னா இந்தியாவுக்குள்ளதான். அதனாலதான் கம்பெனிக்காரனுங்க பேப்பர்ல "என்றென்றும், உலகம் முழுவதும்"னு கல்யாணப் பத்திரிக மாறி போடுறானுங்க. படிக்காம கையெழுத்து போடாத.

வித்த அப்பாலயும் வரைஞ்சவனுக்கு ஒரு மரியாத கீது. அமர்நாத் சேகல்னு ஒரு சிற்பி டெல்லி விஞ்ஞான் பவன்ல பெரிய வெண்கலச் சிற்பம் செஞ்சி வெச்சாரு. 1979-ல ரிப்பேரு வேலைன்னு கவர்மென்டே அத்த பேத்து கொடோன்ல போட்டுட்சு. மனுசன் உடல. கேஸ் போட்டு 2005-ல ஜெயிச்சாரு, அஞ்சு லட்சம் நஷ்ட ஈடு, சிற்பமும் திரும்பி வந்துச்சு. கவர்மென்டையே கேட்டான் ஒருத்தன். நீ வட்டச் செயலாளராண்ட பாக்கி கேக்க கூச்சப்படுற.

துட்டு இழுக்கிற கம்பெனிக்கும் மருந்து கீது. 2006-ல சின்னத் தொயில் சட்டம் வந்துச்சு. உத்யம்னு ஓசில பதிவு பண்ணிக்கோ. கம்பெனிக்காரன் எவ்ளோ பெரிய அக்ரிமென்ட் போட்டாலும் 45 நாளுக்கு மேல உன் பில்ல இழுக்கக்கூடாது. இழுத்தா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் வட்டிக்கு வட்டி. நம்ம தண்டல்காரனே கேட்டா வாயப் பொளப்பான். பில்லுல அந்த சட்டத்து பேர ஒரு வரி போட்டாலே பாதி பேருக்கு கை தானா ஜிபேக்கு போவும்.

எல்லாத்துக்கும் மேல அட்வான்ஸு. காசிமேட்டுல டீசல் போடாம, ஐஸ் ஏத்தாம எவனாவது போட்ட கடலுக்கு உடுறானா? நீ மட்டும் வெறும் கையோட நடுக்கடலுக்கு போய் நின்னுக்கினு, "அண்ணா, கொஞ்சம் பாத்து போட்டுக்குடுங்க"ன்ற. பாதி துட்டு மொதல்ல, மீதி துட்டு வந்தாதான் பெரிய ஃபைலு. அது வரைக்கும் குறுக்கால உன் பேர போட்ட சின்ன படம். மூஞ்சி சுளிப்பான். சுளிக்கட்டும், நீதான் அத்த போட்டோஷாப்புல சரி பண்ணிடுவியே.

உடம்ப பத்தியும் ரவ சொல்லணும். மணிக்கட்ட புடிச்சிக்கினே தூங்குற, பாத்தேன். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்கு போவக்கூடாதுன்னு கவர்மென்டு சொல்லுது, மீனு குஞ்சு பொரிக்கணுமாம். உன் கைக்கு சட்டம் போட யாரும் வர மாட்டான். கரண்ட் கதையும் கேளு. எண்ணூர்ல 1970-லருந்து நிலக்கரிய கொளுத்தி ஊருக்கு கரண்ட் குடுத்தோம். அத்த 2017-ல மூடினானுங்க, அந்தாண்ட வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் பொகையுது. சாம்பலு நம்ம ஜன்னல்ல, ஆனா உன் ரெண்டரு 98 பர்சென்ட்ல நிக்கும்போது கரண்ட் போவுது. மொத அட்வான்ஸ்ல யூபிஎஸ் வாங்கு. ஐபேடு அப்பால.

ஏஐ அந்த மூக்குத்தி எந்தப் பக்கம்னு கேக்குமா? கேக்காது, ரெண்டு பக்கமும் போட்டு, மூணாவதா காதுலயும் ஒண்ணு போட்டு அனுப்பும். அத்த நம்பி மெதப்புல குந்திடாத, ரெண்டு வருசத்துல அதுவும் கேட்டாலும் கேக்கும். அன்னிக்கி உன் பேரும், உன் கஸ்டமரும், உன் பேப்பரும் உன் கைல இருந்தா அந்த மெஷினும் உனக்கு ஒரு பிரஷ்ஷு. இல்லன்னா இந்த திண்ணையில எனக்கு பக்கத்துல எடம் கீது, வந்து குந்து.

சரி, நேரமாச்சு. அடுத்த மாசம் பேத்திக்கு காது குத்து, வடிவுடையம்மன் கோயில்ல. ஒரு பத்திரிக போட்டுக் குடு நைனா, அம்மன் படத்தோட, சோக்கா, நாளைக்கே. இன்னா, தல ஆட்டுற? இம்மாம் நேரம் தொண்டத்தண்ணி வத்த கத்தினது எதுக்குடா? அட்வான்ஸ் கேளு!