பெஞ்சு தூக்குகிற முகம்

பள்ளி ஆண்டு விழா என்றால் வாசலில் மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் பன்னீர்ச் செம்பு, ஒருவர் கையில் சந்தனக் கிண்ணம், ஒருவர் கையில் கற்கண்டுத் தட்டு. நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, அந்த மூவரைத் தேர்ந்தெடுக்க எங்கள் தமிழம்மா வகுப்புக்குள் வந்தார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். "நீ வா... நீ வா..." என் பெஞ்சுக்கு வந்ததும் நின்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"உனக்கு நல்ல உடம்புடா. பெஞ்சு தூக்கப் பேர் கொடுத்துடு."

அன்றைக்குத் தூக்க ஆரம்பித்தவன்தான்.

என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அசிங்கம் என்று யாரும் சொன்னதில்லை. தமிழில் அதற்கெல்லாம் நாகரிகமான வழிகள் இருக்கின்றன. ஒரு பிள்ளையை அழகு என்று சொல்ல வாய் வராதபோது "களையான முகம்" என்பார்கள். களையும் தேறாது என்றால் "லட்சணமா இருக்கான்". அதுவும் சரிப்படாவிட்டால் "குணம் தங்கம்". என் பாட்டி எனக்கு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வாள். களை என்றால் வயலில் பிடுங்கிப் போடுவதும்தானே என்று ஒருநாள் கேட்டு, தலையில் குட்டு வாங்கினேன்.

நிறத்துக்கும் அப்படியொரு ஏணி உண்டு. சிவப்பு, புதுநிறம், மாநிறம். நான் மாநிறத்துக்கு ஒரு படி கீழே, ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். ஞாயிறு தவறாமல் பாட்டி பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டியதில் கடைசிவரை மாவுதான் கறுத்தது.

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது. அதே வருஷம்தான் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் தாடி வைத்த ஒரு கறுப்பு இளைஞர் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தார். அந்த இளைஞருக்குப் பாலாபிஷேகம் செய்த அதே ஜனங்கள்தான் இந்தக் கிரீமையும் வாங்கிப் பூசிக்கொண்டோம். இரண்டுக்கும் நடுவில் ஏதோ இடிக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. கிரீமுக்கே 2020-ல்தான் கூச்சம் வந்து, பெயரில் இருந்த 'ஃபேர்' என்பதைக் கழற்றிவிட்டு 'க்ளோ' என்று மாட்டிக்கொண்டது. எங்கள் வகுப்பில் ரஜினி மாதிரி முடியைக் கோதாதவன் ஒருவன் கிடையாது. ஆனால் பன்னீர்ச் செம்புக்கு ஆள் எடுக்கிற அன்று ரஜினியே வந்து வரிசையில் நின்றிருந்தாலும் பெஞ்சுதான் தூக்கியிருப்பார்.

பன்னீர் தெளித்தவன் எங்கள் நிரந்தரக் கிருஷ்ணன். எந்த நாடகம் போட்டாலும் அவன்தான் கிருஷ்ணன். கிருஷ்ணன் இல்லாத நாடகத்தை எங்கள் பள்ளியில் போட்டதே இல்லை. நான் நரகாசுரனின் படையில் இரண்டாவது ஆள். முதல் வருஷம் "ஆ" என்று ஒரு வசனம் இருந்தது. அடுத்த வருஷம் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விடுங்கள். இன்ஸ்பெக்ஷன் நடந்த நாளைத்தான் சொல்ல வேண்டும்.

டி.இ.ஓ. வருகிறார் என்று காலையிலிருந்தே பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல். தமிழம்மா என்னைக் கூப்பிட்டு, கரும்பலகையில் ஒரு குறள் எழுதச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். முத்து முத்தாக என்பார்களே, அந்த ரகம். 667-வது குறள். ஆளின் உருவத்தைப் பார்த்து ஏளனம் செய்யாதே, உருண்டு வரும் பெரிய தேருக்குச் சின்ன அச்சாணியைப் போல இருக்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்று பொருள். கோணல் இல்லாமல் எழுதி முடித்தேன். தமிழம்மா இரண்டடி தள்ளி நின்று ரசித்தார். பிறகு வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். முகங்களை இடம் மாற்ற ஆரம்பித்தார். கிருஷ்ணன் முதல் பெஞ்சு நடுவில். பன்னீர், சந்தனம், கற்கண்டு எல்லாம் அவனைச் சுற்றி. "நீ கடைசிக்குப் போயிடு கண்ணா, நீ உயரம்." நான் உயரமும் இல்லை. சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே அச்சாணி பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தது.

டி.இ.ஓ. வந்தார். நேராகக் கிருஷ்ணனைப் பார்த்துத் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டார். அவன் எழுந்து நின்று, பளிச்சென்று சிரித்து, "கரிகாலன்" என்றான்.

"பயந்துட்டான் பாவம்" என்றார் டி.இ.ஓ. "அறிவான பையன், கண்ணுலயே தெரியுது. நீ சொல்லு, கடைசி பெஞ்சு."

"ராஜராஜ சோழன் சார்."

அவர் முகம் சுருங்கியது. என் பக்கத்துப் பையனைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

"யாரைப் பாத்துடா சொன்ன?"

இதற்கு அமெரிக்காவில் ஆராய்ச்சியே நடத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவள் புத்தகத்தை ஒருநாள் புரட்டியபோது கிளிஃபோர்டு, வால்ஸ்டர் என்ற இருவர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. மிசௌரி மாநிலத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு குழந்தையின் ரிப்போர்ட் கார்டை அனுப்பினார்கள். மார்க், வருகைப்பதிவு எல்லாம் ஒன்றேதான். ஒட்டியிருந்த போட்டோதான் ஆளுக்கு ஆள் வேறு. அழகான முகம் ஒட்டிய கார்டு கிடைத்தவர்கள், இந்தக் குழந்தை கெட்டிக்காரக் குழந்தை, பெரிய படிப்புப் படிக்கும் என்று எழுதினார்கள். அதோடு நிறுத்தவில்லை. இந்தக் குழந்தையின் அப்பா அம்மாவுக்குப் படிப்பில் அக்கறை அதிகம் என்றும் கண்டுபிடித்தார்கள். என்னைப் பெற்றவர்களின் மானமும் என் மூக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் புரிந்தது.

வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரை லீடர் போர்டில் எழுதுவான் இல்லையா? வாயே திறக்காத நாளிலும் என் பெயர் அதில் இருக்கும், பக்கத்தில் 'மிக மிக அதிகம்' என்று. கேட்டால், "நீ பேசற மாதிரியே உக்காந்திருந்தடா" என்பான்.

என் முகம் கூட வராத இடம் ஒன்று வாய்த்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. விடைத்தாளில் பெயர் இல்லை, டம்மி எண்தான். திருத்துகிறவர் எந்த ஊரிலோ இருக்கிறார். தமிழில் எனக்கு 91, கிருஷ்ணனுக்கு 68. ரிசல்ட் ஒட்டிய பலகைக்கு முன்னால் தமிழம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "பேப்பர் மாறிப் போயிருக்குமோ?" என்று தலைமை ஆசிரியரிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், நான் பக்கத்தில் பெஞ்சு தூக்கிக்கொண்டு நின்றேன்.

வேலைக்கு அலைந்த காலத்தில் ஒரு போட்டித் தேர்வுக்காக ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தேன். ஸ்டூடியோக்காரர் என்னைக் கேட்காமலே நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து, பயத்தமாவால் பதினைந்து வருஷம் முடியாததை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். "தம்பி வரலியா?" என்றார்.

கடைசியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம், இன்னும் பி.எஃப். கணக்கு அங்கேதான் இருக்கிறது. முதல் நாளே என்னை உள் அறையில் உட்கார வைத்தார்கள். வெளியே கவுண்ட்டரில் இன்னொரு கிருஷ்ணன். (கிருஷ்ணர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், அவதாரம் என்றால் சும்மாவா.) வாடிக்கையாளர் அவனிடம் குறையைச் சொல்வார். அவன் ஃபைலோடு உள்ளே வருவான். நான் நாற்பது நிமிஷம் கணக்குப் பார்த்துச் சரி செய்து தருவேன். அவன் வெளியே போய் "முடிஞ்சிடுச்சு சார்" என்பான். வாடிக்கையாளர் தீபாவளிக்கு அவனுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார். நல்லவன்தான், பாதி ஸ்வீட்டை எனக்குக் கொண்டுவந்து தருவான். அதையும் மறைத்து வைத்துக்கொண்டிருந்தால் எனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

அவன் லேட்டாக வந்தால் மேனேஜர், "டிராஃபிக்காப்பா?" என்பார். நான் லேட்டாக வந்தால், "நேத்து லேட்டா தூங்கினீங்களா?" ஹெட் ஆபீசிலிருந்து யாராவது வந்தால் அவன் கையில் பூங்கொத்து. என்னிடம், "ஜெனரேட்டர்ல டீசல் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துடுங்க சார்." ஒருமுறை துணிந்து, நானும் கவுண்ட்டரில் உட்காரலாமா என்று கேட்டேன். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க உள்ள இருந்தாத்தான் சார் எனக்கு நிம்மதி."

அழகாக இருந்தால் எல்லாம் சுலபம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். நல்ல அழகு, அதைவிடக் கணக்கில் புலி. துறைத் தேர்வில் முதல் தடவையே தேறி, பதவி உயர்வு வாங்கினார். கேண்டீனில் டீ குடித்த பன்னிரண்டு ஆண்களும் அந்தப் பதவி உயர்வுக்கு ஒரே காரணத்தைத்தான் கண்ணடித்துக்கொண்டு சொன்னார்கள். அவர் ராத்திரி ராத்திரியாகப் படித்ததை யாரும் பேசவில்லை. என் முகம் எனக்கு வரவேண்டிய பெயரை வரவிடவில்லை. அவர் முகம் அவர் வாங்கிய பெயரையே பிடுங்கிக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். நான் கண்ணடிக்கவில்லை, ஆனால் சிரித்தேன்.

ஹாமர்மெஷ், பிடில் என்ற பொருளாதாரக்காரர்கள் 1994-ல் இதற்கு விலையே போட்டுவிட்டார்கள். அமெரிக்க, கனடியக் கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்ததில், சுமாரான முகம் உள்ளவர்களுக்கு நடுத்தர முகக்காரர்களைவிட 5 முதல் 10 சதவீதம் சம்பளம் குறைவு என்று கண்டார்கள். உடனே கால்குலேட்டரை எடுத்தேன். மாதச் சம்பளம் சராசரியாக 30,000, சர்வீஸ் 27 வருஷம். குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று வைத்தாலும் 4,86,000 ரூபாய். இந்த அரியர்ஸை எந்த ஆபீசில் கேட்பது என்று மனைவியிடம் கேட்டேன்.

"நஷ்ட ஈடுன்னா எனக்குல்ல தரணும்?" என்று சொல்லிவிட்டு அவள் கீரையை ஆய ஆரம்பித்தாள்.

ஒருநாள் ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். பழிதீர்க்கும் நாள் வந்தது என்றே போனேன். முதலில் ஒரு பையன் வந்தான். நல்ல உயரம், பளிச்சென்ற சிரிப்பு. "குட் மார்னிங் சார்" என்றான். குனிந்து பார்த்தால், என் கை அதற்குள் 8 போட்டிருந்தது. பத்துக்கு எட்டு, ஒரு வணக்கத்துக்கு! என் கையையே எனக்கு நம்ப முடியவில்லை. நரகாசுரன் படையில் நின்ற கை அது.

அடுத்த தடவை போட்டோ ஒட்டாத விண்ணப்பம்தான் என்று சண்டை போட்டு மாற்றினேன். லாண்டி, சிகல் என்ற இருவர் 1974-ல் செய்த சோதனையை வைத்து மீட்டிங்கில் ஒரு பிரசங்கமே வைத்தேன். ஒரே கட்டுரைதான், எழுதியவள் அழகான பெண் என்று போட்டோ இணைத்துக் கொடுத்தால் கல்லூரி மாணவர்கள் மார்க்கை அள்ளிப் போட்டார்கள், அதிலும் கட்டுரை மோசமாக இருந்தபோது வித்தியாசம் இன்னும் பெரிது. மேனேஜருக்கே வாயடைத்தது. முகம் வேண்டாம், வாடிக்கையாளர் புகாருக்கு ஆளுக்கொரு பதில் கடிதம் கையால் எழுதட்டும், அதை வைத்து முதல் சுற்று என்று முடிவாயிற்று. நான்தான் திருத்தினேன். நிம்மதியாக, நியாயமாக.

பட்டியலைப் பார்த்த கணக்குப் பிரிவுக்காரர் இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார், முதலாவதா வந்திருக்கிற கடிதத்துல விஷயமே இல்லியே? அன்புடையீர்னு ஆரம்பிச்சு இப்படிக்குன்னு முடியுது, நடுவுல ஒண்ணுமில்ல. கடைசியில போட்டிருக்கீங்களே இந்தப் பையன், இவன்தான் வட்டிக் கணக்கைச் சரியா போட்டிருக்கான்."

வாங்கிப் பார்த்தேன். முதல் கடிதம் முத்து முத்தாக இருந்தது. கடைசிக் கடிதம் கோழி கிளறின மாதிரி.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த 91 மார்க் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முப்பது வருஷமாக நான் மடியில் கட்டிக்கொண்டு திரிந்த ஒரே நியாயம் அது. டம்மி எண் என் முகத்தைத்தான் மறைத்தது. கையெழுத்து பவுடர் போட்டு, வகிடெடுத்து, பன்னீர்ச் செம்போடு போய்த் திருத்துகிறவர் வாசலில் நின்றிருக்கிறது. எங்கள் பெஞ்சிலேயே கோழி கிளறின எழுத்துக்காரன் ஒருவன் இருந்தான். என்னைவிட அவனுக்குத் தமிழ் தெரியும். அவன் வாங்கியது 54.

போன தை மாதம் கிருஷ்ணனும் நானும் தமிழம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம். கிருஷ்ணனுக்கு இப்போது தலையில் ஒரு முடி இல்லை. வயிறு ரிஜிஸ்டர் ஆபீஸ் வரை முன்னால் போகிறது, ரியல் எஸ்டேட் செய்கிறான். டீச்சருக்கு எண்பது தாண்டிவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. வாசலில் பார்த்ததுமே, "வாடா என் கிருஷ்ணா!" என்று அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "டிரைவர் தம்பியும் உள்ள வாப்பா, வெயில்ல நிக்காத" என்றார்.

கிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் பெயரைச் சொன்னேன், வருஷத்தைச் சொன்னேன். ஞாபகம் வரவில்லை. போன் நம்பர் எழுதி வைக்கிற நோட்டை நீட்டினார். பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். கண்ணருகே வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இந்த எழுத்து... இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு போர்டுல குறள் எழுதினது நீதானே? அடடா, உக்காருப்பா, உக்காரு."

கூடத்தில் ஒரு நாற்காலிதான். அதில் கிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். டீச்சர் சுற்றிலும் பார்த்தார். பிறகு என் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"உள்ள ரேழியில ஒரு பெஞ்சு கிடக்கு. எடுத்துட்டு வந்துடு. உனக்கு நல்ல உடம்பு."

தேக்கு பெஞ்சு. கனம்தான்.