எட்டு விநாடிக் கச்சேரி

எங்க புதுக்கோட்டையில் 'எனக்குக் கஞ்சிரா வாசிக்க வரும்' என்று சொல்வதற்கே ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். மான்பூண்டியா பிள்ளை அந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய ஊர். அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை பெயரைச் சொன்னால் இன்றைக்கும் காதைத் தொட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. நான் வாசிப்பது மார்கழி பஜனையில், அதுவும் மைக் என் பக்கம் திரும்பாத வரைக்கும்தான். அப்படிப்பட்டவனுக்குச் சென்னையிலிருந்து அண்ணன் மகன் போன் போட்டு, "சித்தப்பா, கஞ்சிராவை லூப் லூப்பா ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, புரொடியூசருங்க காசு குடுத்து வாங்குவாங்க" என்கிறான். புத்தியுள்ளவன் போனை வைத்துவிடுவான். நான் ஸ்டோர் ரூமைக் காலி பண்ணினேன்.

ரிஹானா 2007-இல் பாடி உலகமே முணுமுணுத்த 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸ், ஆப்பிள் கம்ப்யூட்டரின் கராஜ்பேண்டில் சும்மா கிடந்த ஒரு லூப்தானாம். பெருமையாக வீட்டில் சொன்னேன். "சும்மா கிடைக்கிறதை எதுக்கு உங்ககிட்ட காசு குடுத்து வாங்கணும்?" என்றாள். பி.ஏ. பொருளாதாரம் படித்த பெண்ணைக் கட்டியிருக்கக் கூடாது.

சுவரெல்லாம் மெத்தை, கதவில் கம்பளி, ஃபேன் கூடாது. மே மாதம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி உடும்புத் தோல் ஆகாதென்பதால் என்னுடையது ஆட்டுத் தோல். உள்பக்கம் தண்ணீர் தெளித்தால் சுருதி இறங்கும். காயக் காய ஏறும். அந்த அறையில் தண்ணீர் தோலில் நிற்கிற நேரத்தைவிட என் முதுகில் நின்ற நேரம்தான் அதிகம். முதலில் எடுத்ததும் அடுத்து எடுத்ததும் பங்காளிகள் மாதிரி ஒட்டவே இல்லை.

120 பிபிஎம்மில் நாலு பார் என்றால் சரியாக 8 விநாடி. எட்டு விநாடியில் நான் சபைக்குக் கும்பிடு போட்டுக்கூட முடித்ததில்லை. இருந்தாலும் விடுவேனா? மோரா, கோர்வை, கடைசியில் ஒரு தீர்மானம், எல்லாவற்றையும் திணித்து அனுப்பினேன்.

"சித்தப்பா, லூப்னா முடியிற இடம் தெரியக் கூடாது. நீங்க தீர்மானம் வச்சிருக்கீங்க. சுத்தி சுத்தி ஓடவிட்டா எட்டு விநாடிக்கு ஒரு தடவை கச்சேரி முடிஞ்சு ஜனங்க எழுந்து போற மாதிரி இருக்கு."

"அப்ப கோர்வை?"

"எடுத்துருங்க. அவங்க மேல பாடணும், பேஸ் போடணும். எல்லாத்தையும் நீங்களே அடைச்சுட்டா அவங்க எங்க நிக்கிறது?"

ரோஷத்தில் பஸ் பிடித்துக் குடுமியான்மலைக்குப் போனேன். மேலைக்கோயில் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறதல்லவா? 7-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. எனக்கு அந்தத் தகராறு வேண்டாம். ஏழு பகுதி, ஒவ்வொன்றிலும் சுரங்கள் நாலு நாலாகக் கட்டி வரிசை வரிசையாக. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் லூப் பேக்! வெயிலில் கால் கொப்பளிக்கப் போட்டோ எடுத்து, 'நம்ம ஊர்ல இது எப்பவோ வந்தாச்சு தம்பி' என்று எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது: 'பிபிஎம் போடலையே சித்தப்பா. ஃபைல் பேர்ல வேகம் இல்லாட்டி ஒருத்தரும் திறக்க மாட்டாங்க.'

கடைசியில் வெறுத்துப்போய் ஒரு தோம், கொஞ்சம் சும்மா, ஜிங்கென்று ஒரு சில்லு, மறுபடி தோம் என்று தட்டி அனுப்பினேன். "இதான் சித்தப்பா!" என்று கத்தினான். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தவள், "கல்யாணமான புதுசுல நீங்க இப்படித்தானே வாசிப்பீங்க" என்றாள்.

அதை யாரோ வாங்கியும்விட்டார்களாம். ஒரு தடவை வாங்கினால் எந்தப் பாட்டில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், வாசித்தவர் பேரைப் போட வேண்டிய அவசியமில்லை என்று பயல் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள் முந்திக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு தம்பி. இதையே எழுத்துல வாங்கிடு."