பல்லும் பேனாக்கத்தியும்: ஓர் ஒப்பாய்வு

மடக்குக் கத்தி எனப்படுவது, அலகின் ஒரு முனை ஆணியால் பிணைக்கப்பட்டு, வேண்டும்போது விரிந்தும் வேண்டாதபோது தன் பிடியின் பிளவுக்குள்ளேயே மடங்கியும் கிடக்கும் சிறு கத்தியாகும். அலகு என்பது வெட்டும் பகுதி. பிடி என்பது கைப்பற்றும் பகுதி. இவ்விரண்டுக்கும் இடையே அவ்வப்போது விரல் சிக்கிக்கொள்ளும் பகுதிக்குத் தமிழில் இன்னும் பெயர் சூட்டப்படவில்லை. தமிழர் நாள்தோறும் பால் பாக்கெட்டின் மூலையைத் திறக்கிறார்கள், பார்சல் கட்டிய சணலை அறுக்கிறார்கள், கொய்யாவைப் பங்கிடுகிறார்கள், புதுச் சட்டையிலிருந்து விலைச்சீட்டைப் பிய்க்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் சட்டைப்பையில் கத்தி வைத்திருப்பவர் தெருவுக்கு ஒருவராவது தேறுவாரா என்பது ஐயமே. இதற்குரிய காரணத்தைக் கத்தியிடம் தேடிப் பயனில்லை, அது மக்களின் வாய்க்குள் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்குள் புகுமுன் எல்லை வகுத்தல் மரபு. அடுப்படியில் காலால் மிதித்து இருத்தப்படும் அரிவாள்மனை எவருடைய பையிலும் அடங்காது என்பதால் அது முதலிலேயே விலக்கப்படுகிறது. இடுப்பில் செருகப்படும் பிச்சுவா மடங்குவதில்லை என்பதால் அதுவும் விலக்கப்படுகிறது. பொத்தானை அழுத்தியவுடன் அலகு தெறித்து வெளிவரும் ‘பட்டன் கத்தி’ இலக்கணப்படி மடக்குக் கத்தியின் இனத்தைச் சேர்ந்ததேயாயினும், அதைக் கொண்டு எவரும் ஆப்பிள் நறுக்கியதைத் தமிழ்த் திரைப்படம் காட்டியதில்லை. திரையில் அது விரியும்போது எழும் ‘டக்’ ஓசை பார்வையாளர் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டமையால், பெட்டிக்கடை வாசலில் ஒரு முதியவர் சாத்துக்குடி உரிக்கக் கத்தியை விரித்தாலும் அருகில் நிற்பவர் அரையடி விலகி நிற்கிறார். மடக்குக் கத்தியின் சமூக மதிப்பு சரிந்ததில் அந்த ஓசைக்குள்ள பங்கு தனி ஆய்வுக்குரியது.

அடுத்து, பெயர். இக்கருவியைத் தமிழர் பெரும்பாலும் பேனாக்கத்தி என்றே வழங்கி வந்துள்ளனர். ஐரோப்பாவில் வாத்தினத்துப் பறவையின் இறகைச் சீவி, அதன் தண்டின் நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதிய காலத்தில், எழுத எழுத மழுங்கும் நுனியை மீண்டும் மீண்டும் சீவுவதற்கென எழுத்தர்கள் உடன் வைத்திருந்த சிறு கத்திக்கு ஏற்பட்ட பெயர் அது. 1820-களில் பர்மிங்காம் நகரத்துப் பட்டறைகள் எஃகு முள்ளைப் பெருவாரியாக உற்பத்தி செய்யத் தொடங்கியபின், சீவுவதற்கு இறகு இல்லாமற்போய், கத்தி வேலையிழந்தது. பெயர் மட்டும் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுத் திண்ணைகளில் இறகு சீவி எழுதியவர் அரிது. ஆகவே பேனாக்கத்தி என்பது, தான் செய்யாத வேலையின் பெயரால் அறியப்பட்டு, தான் செய்த வேலைகளுக்கு எப்பெயரும் பெறாத ஒரு கருவி. அரசு அலுவலகங்களில் இத்தகைய பதவிகள் இருப்பதாகச் சொல்லப்படுவதுண்டு.

இங்குதான் ஆய்வாளர் வியந்து நிற்க வேண்டிய இடம் ஒன்று வருகிறது. இறகு சீவும் கத்தியின் பெயரைக் கடன் வாங்கிய தமிழரிடம், அதற்கு முன்பே, எழுதுகோலோடு இணைந்த கத்தி இருந்தது. பனையோலையில் எழுதப் பயன்பட்ட எழுத்தாணிகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒரு வகை. ஒரே பிடிக்குள் எழுத்தாணியும் கத்தியும் மடங்கி அடங்கும் அமைப்புடையது. எழுத்தாணி எழுத, கத்தி ஓலை வார. வாருதல் என்பது ஓலையின் நடுவே ஓடும் ஈர்க்கை நீக்கி, ஓரங்களைச் சமனாக நறுக்கி, ஏட்டுக்குரிய அளவுக்குக் கொண்டுவரும் செயலாகும். ஆக, எழுதுபொருளை ஆயத்தம் செய்யும் கருவியும் எழுதும் கருவியும் ஒரே கைப்பிடியில் வாழ்ந்தன. தாளைத் தயாரிக்கும் ஆலை பேனாவுக்குள்ளேயே அமைந்திருந்ததற்கு இது ஒப்பாகும். பல்கருவி என்று இன்று கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து விற்கப்படும் பொருளின் இலக்கணம் அனைத்தும் இதில் உண்டு. தாளும் மையும் பரவியபோது ஓலை போயிற்று, ஓலையோடு எழுத்தாணி போயிற்று, எழுத்தாணியோடு அதன் மடியிலிருந்த கத்தியும் போயிற்று. அந்தக் கத்தி மட்டும் எழுத்தாணியிடமிருந்து பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போயிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை ஏற்பட்டிராது.

பிற நாட்டார் வழக்கோடு ஒப்பிடுதல் ஆய்வுக்கு அழகு. ஒரே பிடிக்குள் பல உறுப்புகளை மடக்குவது ரோமானியர் அறிந்த கலைதான். கேம்பிரிட்ஜ் நகரத்து ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் வெள்ளிப் பல்கருவி ஒன்று உள்ளது. கரண்டி, முள்கரண்டி, கத்தி, கூர்முள் ஆகியவை அதில் மடங்குகின்றன. உண்பதற்கே இத்தனை ஏற்பாடு செய்த சமூகம் கையால் உண்ணும் சமூகத்தைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்பது இங்கு எழ வேண்டாத வினா. இன்று உலகெங்கும் அறியப்பட்ட சிவப்புப் பிடிக் கத்தியின் வரலாறு இதனினும் சுவையானது. சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸனர், 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கான கத்தியை வழங்கத் தொடங்கினார். கத்தி, தகர டப்பா திறப்பான், திருப்புளி, துளையிடும் ஊசி ஆகிய நான்கும் அதில் இருந்தன. டப்பா திறப்பான் வீரரின் வயிற்றுக்கு; திருப்புளி அவருடைய துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவதற்கு. அக்கத்தி கனமாக இருந்தமையால், 1897-இல் எல்ஸனர் மெலிந்த வேறொரு கத்தியை உருவாக்கிப் பதிவு செய்து, அதை அதிகாரிகள் கத்தி என அழைத்தார். அதில் மதுப்புட்டியின் தக்கையைப் பிடுங்கும் திருகும் சேர்ந்திருந்தது. வீரருக்குத் துப்பாக்கி, அதிகாரிக்குப் புட்டி என்னும் இப்பாகுபாட்டைப் படையியல் அறிஞர் விளக்கக்கூடும். அதிகாரிகள் கத்தியை அப்படை முறைப்படி வழங்கவில்லை என்பதும், வேண்டிய அதிகாரிகள் தம் காசு கொடுத்தே வாங்கினர் என்பதும் குறிக்கத்தக்கன. இதன் வழிவந்த கத்திகள் பலவற்றின் பிடியில், ஒரு மூலையில் சிறு துளை அமைத்து, அதனுள் பல்குச்சி ஒன்று செருகப்பட்டிருக்கும். இப்பல்குச்சியை வாசகர் நினைவில் இருத்துக.

உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசை எங்கே முடியும் என்பதற்கு, வெங்கர் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 87 கருவிகளும் 141 பயன்களும் கொண்ட கத்தி சான்று. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அது, சட்டைப்பைக் கத்தி என்னும் சொல்லில் சட்டைப்பை என்னும் பகுதியைப் பொருளற்றதாக்கி, சட்டையையே அசைத்துவிட்டது.

இனி, கட்டுரையின் மையப் பொருளாகிய பல். மனிதவாயில் முன்புறம் மேலே நான்கும் கீழே நான்குமாக அமைந்த எட்டுப் பற்களுக்கு வெட்டுப்பற்கள் என்று உடற்கூற்றியலாரே பெயர் வைத்துள்ளனர். ஆதலின் இங்குச் செய்யப்படும் ஒப்பீடு வலிந்து கொண்டது அன்று. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். கத்தியைப் போல் அதை வீட்டில் மறந்து வர முடியாது. அதற்குத் தனியே பை வேண்டா. விரிக்க வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும். தமிழர் இவ்வசதியைப் பயன்படுத்தும் திறம் வியக்கத்தக்கது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் ‘இங்கே கிழிக்கவும்’ என்று அச்சிட்ட இடத்தைத் தவிர்த்து மற்றெல்லா இடத்திலும் பல் பதிகிறது. தையற்காரர் நூலைக் கடித்தே முடிக்கிறார். கரும்பை உரிப்பதில் கடைவாய்க்கு நிகரான கருவி இதுவரை செய்யப்படவில்லை. மாங்காயைச் சுவரிலோ கருங்கல்லிலோ மோதிச் சிதறடித்துப் பங்கிடும் பள்ளிச் சிறுவர் முறை, பல்லுக்கும் முந்தைய கற்கால மரபின் எச்சமாகலாம். மளிகைக் கடைக்காரர் பொட்டலத்தைச் சுற்றிய நூலை ஆள்காட்டி விரலில் ஒரு சுழற்றுச் சுழற்றிச் சுண்டி அறுக்கும் வித்தையோ கத்தி, பல் இரண்டையும் ஒருங்கே நாணச் செய்வது.

எனினும் பல்லுக்கு இரண்டு குறைகள் உண்டு. எனாமல் ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளராது; கத்தியைச் சாணை பிடிப்பதுபோல் பல்லைச் சாணை பிடிக்க இயலாது, பல் மருத்துவர் அதற்கு உடன்படவும் மாட்டார். மற்றொன்று சமூகம் சார்ந்தது: பல்லை இரவல் தர முடியாது. இரண்டாம் குறையே மடக்குக் கத்தியை இன்றளவும் உயிரோடு வைத்திருக்கிறது எனலாம். ரயில் பெட்டியில் ஒருவரிடம் கத்தி இருப்பது தெரிந்த கணத்தில், “கத்தியெல்லாம் எதுக்குங்க?” என்று முகம் சுளித்தவரே, மாலையில் மாம்பழக் கூடையைத் திறந்ததும், “அண்ணே, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க” என்று கை நீட்டுகிறார். திரும்பி வரும் கத்தியின் கீலில் பழச்சாறு இறங்கியிருக்கும். கீல் என்பது அலகு திரும்பும் மூட்டு. துருப்பிடிக்கா எஃகு அல்லாத பழைய கரிம எஃகு அலகாயின், மாங்காய்ப் புளிப்பு அதைக் கறுக்கச் செய்யும். அக்கறுப்பின் சுவை அடுத்து நறுக்கும் பழத்திலும் தெரியும்.

பல்லுக்கு அடுத்தபடியாக மடக்குக் கத்தியை வீழ்த்தியது பிளேடு. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற சவர அமைப்பிலிருந்து பிறந்த இருமுனை பிளேடு, முகத்தில் தன் பணி முடிந்தபின், காகித உறையோடு நீளவாக்கில் முறிக்கப்பட்டு, அரை பிளேடு என்னும் புது உயிர் பெற்றது. பென்சில் சீவ, நகம் வெட்ட, தையல் பிரிக்க என ஒரு வீட்டின் அத்தனை வேலைக்கும் அது போதுமானதாயிற்று. ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அது கிடந்தால், பாகைமானிக்கும் கவராயத்துக்கும் இடையே விரல் தேடும்போது முதலில் கிடைப்பதும் அதுவே. ‘பிளேடு போடுதல்’ என்னும் வழக்குக்குக் கூட்டத்தில் சட்டைப்பையை அறுத்தல் என்றும், கேட்பவர் பொறுமையை அறுத்தல் என்றும் இரு பொருள் உண்டு. இக்கட்டுரையைப் படிப்போர்க்கு இரண்டாம் பொருள் நினைவுக்கு வந்தால் அது அவர்தம் சொல்லறிவைக் காட்டும்.

கத்தியை எங்கே வைப்பது என்பதும் எளிய வினாவன்று. வேட்டிக்குப் பையில்லை, மடியில் முடிந்தால், எழுந்து நிற்கும்போது கத்தி முதலில் எழுந்துவிடும். சட்டையின் மார்புப்பையில் வைத்தால், கிணற்றை எட்டிப் பார்க்கும்போது அது தானும் எட்டிப் பார்த்து உள்ளே போய்விடும். பச்சை நிறப் பட்டை பெல்ட்டின் பையும், பட்டாபட்டி டிரவுசரின் ஆழமான பையும் ஓரளவு பாதுகாப்பானவை. ஆனால் பின்னதிலிருந்து பொது இடத்தில் கத்தியை வெளியே எடுக்கும் முயற்சி, கத்தியைவிட மிகுந்த அச்சத்தைப் பிறர்க்கு விளைவிக்கும். ஆண்களின் பைகளிலேயே தேடிக்கொண்டிருந்தமையால் முக்கியமான சான்று ஒன்றை இத்துறை தவறவிட்டது. வெற்றிலை போடும் பாட்டிமாரின் சுருக்குப்பைக்குள், சுண்ணாம்பு டப்பிக்கும் சில்லறைக்கும் நடுவே, இரு கைப்பிடிகள் ஓர் ஆணியில் இணைந்த பாக்குவெட்டி காலங்காலமாகக் கிடந்தது. ஆணியில் திரும்பும் அலகு உண்டு. பையில் அடங்கும் அளவு உண்டு. நாளுக்குப் பலமுறைப் பயன்பாடு உண்டு. பாக்குவெட்டியை உடையவர்க்குப் பல் குறைவு என்பதும், பல் குறைந்த அளவுக்குப் பாக்கு நறுவிசாகச் சீவப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளுக்கு வலுவான ஆதாரங்களாம். பல் போன இடத்தில் கத்தி வந்திருக்கிறது.

சட்டம் இப்பொருளில் பெருந்தன்மையோடே நடந்துகொண்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 1962-ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதங்களோடு சேர்த்து, வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் ஆனவற்றை விலக்கின. பேனாக்கத்தி இவ்வளவுகளுக்கு அருகில்கூட வருவதில்லை. விமானம் ஏறுவோர் நிலை வேறு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 6 சென்டிமீட்டருக்கு மேற்படாத அலகுள்ள சிறு கத்திகளை விமானத்துக்குள் அனுமதிப்பதாக 2013 மார்ச்சில் அறிவித்து, எழுந்த எதிர்ப்பைக் கண்டு அதே ஆண்டு ஜூனில் கைவிட்டது. பற்களுக்கு இத்தகைய அளவுக் கட்டுப்பாடு எந்த விமான நிலையத்திலும் விதிக்கப்பட்டதில்லை.

இறுதியாக, கத்தியைத் திறக்கும் முறை. அலகின் மேற்புறத்தில் பிறை வடிவில் ஒரு சிறு பள்ளம் காணப்படும்; இதனை நகக்குழி எனலாம். கட்டைவிரல் நகத்தை அதில் பொருத்தி இழுத்தால், பிடியின் முதுகிலுள்ள எஃகுப் பட்டையின் விறைப்பை மீறி அலகு விரியும். செவ்வாயிலும் வெள்ளியிலும் நகம் வெட்டலாகாது என்னும் வழக்கம் உள்ள வீடுகளில் இதற்கு இடையூறில்லை. நகம் கடிப்போர்க்கு மட்டும் நகக்குழி பயன்படாது. அவர்கள் அலகின் முதுகைப் பல்லால் கவ்வித் திறப்பதைக் காணலாம். பல்லின் வேலையைக் குறைக்க வந்த கருவி, தன் வேலையைத் தொடங்கவே பல்லை நாடுகிறது.

நினைவில் இருத்தச் சொன்ன பல்குச்சி இந்நிலையில் என்னவாயிற்று எனின், வாங்கிய சில மாதங்களில் அது தொலைந்திருக்கும். அதன் துளை மட்டும் வெறுமையாக இருக்கும். இங்குள்ள உடைமையாளர் அதற்காக உதிரிப்பாகம் தேடிக் கடையேறுவதில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அதே கத்தியால் துளையின் அளவுக்குச் சீவி, உள்ளே செருகிவிடுகிறார். முற்காலத்தில் மடக்கெழுத்தாணியின் கத்தி, ஓலையிலிருந்து வேண்டாமென்று வாரி எறிந்ததும் ஈர்க்கைத்தான்.