சர்நேம் உள்ள சாமிகளே!

செல்லிப்பட்டுப் பையன் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுகிறான். சங்கராபரணியின் குறுக்கே பிரெஞ்சுக்காரன் காலத்தில் கட்டிய படுகையணை 2021 வெள்ளத்தில் உடைந்ததே, அந்தச் செல்லிப்பட்டு. ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்து கண் சிமிட்டுகிறது. சர்நேம்.

"அண்ணே, இதுல என்ன போடறது?"

"உங்க அப்பா பேரு?"

"ஏழுமலை."

"அதையே போட்டுவுடு. அடுத்த ஆள் வாப்பா."

முடிந்தது. இரண்டு கறவை மாடும் அரைக்காணி குத்தகையுமாகக் காலம் தள்ளிய ஏழுமலை அந்த நொடியிலேயே ஒரு ராஜவம்சத்துக்கு மூலபுருஷன் ஆகிவிட்டார். பையன் பாரீசுக்குப் போனால் அவன் மிஸ்யே ஏழுமலை. கட்டிக்கொண்டு வந்தவள் மதாம் ஏழுமலை. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாதென்று, கோயில் அர்ச்சனைக்குக்கூட 'நம்ம மாமா பேருக்கு' என்று சுற்றிவளைத்துச் சொல்லிப் பழகிய பெண், இனி ஆஸ்பத்திரி வரிசையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்க வேண்டும். பேரன் பிறந்தால் அவனும் ஏழுமலை. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும் அசல் ஏழுமலைக்கு இதொன்றும் தெரியாது.

கட்டத்தைக் காலியாகவே விடலாமே என்பீர்கள். விடலாம்; நம் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அமெரிக்க விசாக்காரன், வெறும் ஒற்றைப் பெயரோடு வந்தவனுக்கு அந்த ஒன்றையே குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்துக் கொடுப்பான். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். பெற்றவள் காதில் மூன்று தடவை சொல்லி வைத்த பெயர், தெரியவில்லையாம்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒருபடி மேலே போனது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே வராதே என்றது. அப்புறம் மனமிரங்கி, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்றது. அதாவது அந்த நாட்டுக்குள் நுழைய நீ போதாது, உன் அப்பனும் கூட வர வேண்டும்.

இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன? புதுச்சேரி மண்ணில் இந்தக் கட்டத்துக்கு நூற்று நாற்பது வயது தாண்டிவிட்டது.

பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று ஒரு வக்கீல். 1873-ல் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனார். வந்தது குற்றம். இந்தியன் வெறுங்காலோடு வரலாம், நாட்டுச் செருப்போடு வரலாம். வெள்ளைக்காரன் போடுகிற சப்பாத்தை நீ எப்படிப் போடலாம் என்று தண்டித்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று ஊரெல்லாம் முழங்கியவர்களின் நீதி, கணுக்காலுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. மனுஷன் விடவில்லை. பாரீசிலுள்ள உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார்.

அவரும் அவர் கூட்டாளிகளும் அடுத்துக் கேட்டது பெரிய விஷயம். 1881 செப்டம்பர் 21-ல் ஆணை வந்தது. சாதி வழக்கத்தையும் சாதிச் சட்டத்தையும் துறக்கிறேன், பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் நீ பிரெஞ்சுக்காரனுக்குச் சமம். துறந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். ஒரே ஒரு நிபந்தனை: குடும்பப் பெயர் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லா போர்த்' என்று எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு. பிள்ளை போய்க் கதவு வந்தது. பரம்பரைப் பட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாரும் நுழைந்து வரட்டும் என்று தன் பெயரையே திறந்து வைத்த அந்த மனிதரை நான் கேலி செய்ய மாட்டேன். கேலிக்குரியவர்கள் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள்.

உள்பக்கம் நின்றவர்களைப் பாருங்கள். பெயர் மாற்றினால் சமம் என்றார்கள். மாற்றிக்கொண்டு போய் ஐரோப்பியர் வாக்காளர் பட்டியலில் எங்களையும் சேருங்கள் என்றால் வயிற்றைக் கலக்கிவிட்டது. 1884-ல் அவசரமாக ஓர் ஆணை போட்டார்கள். ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், துறந்தவருக்கு ஒரு பட்டியல், துறக்காதவருக்கு ஒரு பட்டியல். சாதியைத் துறந்தவனுக்குத் துறந்தவன் என்றே ஒரு புதுச் சாதி! மநுவுக்கே தோன்றாத யோசனை பாரீசில் கோட்டு போட்ட கனவானுக்குத் தோன்றியது. வெளிப்பக்கம் சண்முக முதலியார் தலைமையில் ஒரு பெரும்படை, சாதி ஆசாரத்துக்கு ஆபத்து என்று கூப்பாடு போட்டுத் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்தது. இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொள்ளாத குறை.

வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்து வயற்காட்டுச் சனத்தில் பெரும்பாலோர் அந்தப் பதிவேட்டுப் பக்கமே போகவில்லை. அவர்களுக்குப் பிரெஞ்சு நிர்வாகம் வேறு மாதிரி சேவை செய்தது. முருகன் பெயரைப் பிறப்புப் பதிவில் எழுதும்போது 'ஓ'வும் 'யு'வும் சேர்ந்த ஜோடியை இரண்டு இடத்தில் செருகி, கடைசியில் சும்மா ஓர் 'ஈ' ஒட்டினார்கள். இன்றைக்கும் புதுச்சேரி முருகனைத் தமிழ்நாட்டு முருகனிடமிருந்து அந்த வாலை வைத்துப் பிரித்துவிடலாம். எல்லை தாண்டி விழுப்புரத்தில் ஒரு சான்றிதழ் வாங்கினால் இரண்டு முருகனும் ஒரே முருகன்தான் என்று நோட்டரியிடம் சத்தியம் செய்ய வேண்டும்.

கடல் தாண்டியவர்கள் கதை இன்னும் மோசம். ரெயூனியன் தீவில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோது, விடுதலையான அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து குடும்பப் பெயர் வைத்தார்கள். சிலருக்கு நக்கலாகவே வைத்தார்கள். அடுத்து அந்தக் கரும்புக் காட்டுக்குக் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறிய கூலிகளுக்கு, சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிப் பேரப்பிள்ளைகள் தலையில் உட்கார்ந்தது. இன்று அங்கே ராமசாமி என்பது ஆள் அல்ல, குடும்பம்.

நம் பக்கம் கொஞ்சம் பெருமைப்பட இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். நாயக்கர், முதலியார், பிள்ளை எல்லாம் தபால் கவரிலிருந்து இறங்கிப் போயின. உலகத்தில் வேறெங்கே நடந்தது இப்படி? சர்நேம் இல்லாதது நம் குறை அல்ல ஐயா, அது நாம் வாங்கிய பதக்கம்.

அந்தப் பதக்கத்தைத்தான் இப்போது கட்டத்துக்குப் பயந்து அடகு வைக்கிறோம். அடுக்குமாடித் தம்பதிகள் பிறந்த பிள்ளைக்குச் சர்நேம் தேடும்போது, தாத்தா கழற்றிப் பரணில் போட்டதைத் தூசி தட்டி எடுத்து மாட்டிவிடுகிறார்கள். கேட்டால், "ஃபாரின்ல கேக்கறாங்க சார், வேற வழி?" அமெரிக்கக்காரன் கேட்டது குடும்பப் பெயர், நீ கொடுத்தது சாதிப் பெயர். சேரியிலிருந்து போகிற பையன் அந்தக் கட்டத்தில் தன் சாதியை எழுதுவானா? எழுத மாட்டான். யாருக்கு எழுதினால் லாபமோ அவர்களுக்கு மட்டுமே 'வேற வழி' இல்லாமல் போகிறது.

ஊருக்குள்ளே வந்தால் அந்த வெட்கமும் இல்லை. பத்திரிகையில் வெறும் இனிஷியல். காதணி விழா பேனரில் மட்டும் முழு நீளப் பட்டம், பின்னால் சீறும் சிங்கம்.

மறுபடியும் அந்தப் பிரெஞ்சுக் கதவுக்கே வருவோம். 1954 அக்டோபர் 18-ல் நம் பக்கத்துக் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்று வாக்களித்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி மாற்றம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை. ஏறக்குறைய ஐந்தாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு 'வெள்ளைக்காரன் பேரை வாங்கித் தின்றவன்' என்று அவர்களை ஏசிய குடும்பங்கள் இன்று பெண்ணைக் கொடுக்கத் தரகர் வீட்டு வாசலில் வரிசை கட்டுகின்றன. பையனுக்கு 'நேஷனாலிட்டி' இருக்கிறதாம். படிப்பு வேண்டாம், வேலை வேண்டாம், வயசு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பெயர் எடுத்தவர் என்றால் வீட்டில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல்.

அப்புறம் தரகரிடம் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "அவங்க... நம்ம ஆளுங்கதானே?" தரகர் நோட்டைப் புரட்டி, "உங்களுக்குத் தெரியாததா, நம்ம ஆளுங்கதான்" என்கிறார்.

1881 ஆணைப்படி துறந்தது துறந்ததுதான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே சட்டத்தில் இடமில்லை. அப்படியானால் தரகரே, அந்த நோட்டில் உமக்கு அதை எழுதிக் கொடுத்தது யார்?