‘சம்பளம் கூடும்’ என்னும் தொடரின் வினைப்பாங்கு: ஓர் இலக்கண ஆய்வு

ஒரு வினைச்சொல் செய்தியை உள்ளபடி உரைக்கிறதா, விருப்பமாகவோ ஐயமாகவோ உரைக்கிறதா என்பதைக் காட்டும் தன்மை வினைப்பாங்கு எனப்படும்; முன்னது உறுதிப்பாங்கு, பின்னது விழைவுப்பாங்கு. பிரெஞ்சு மொழியில் விரும்புதலைக் குறிக்கும் ‘சூவெத்தே’ என்னும் வினையை அடுத்து விழைவுப்பாங்கும், நம்பியிருத்தலைக் குறிக்கும் ‘எஸ்பெரே’யை அடுத்துப் பெரும்பாலும் உறுதிப்பாங்கும் வருவதால், ஆசைக்கும் நம்பிக்கைக்கும் நடுவே வேலி போட்ட மொழி அது. நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் அவ்வேலி இல்லாமையால், அங்கு வழங்கும் ‘சம்பளம் கூடும்’ என்னும் தொடர் எப்பாங்கினது என்பது ஆய்வுக்குரியதாயிற்று.

கூடியது: இறந்தகாலம், எடுத்துக்காட்டு அரிது.

கூடுக: வாழ்த்தும் வேண்டலும் உணர்த்தும் வியங்கோள். இது தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்பது தொல்காப்பியம்; மூவிடத்தும் வரும் என்பது நன்னூல். இவ்வழக்கில் தலைமுறை தலைமுறையாக மை செலவிட்ட அறிஞர்கள் ‘வாழ்க’ என்பதையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டி, ‘சம்பளம் கூடுக’ என்பதைத் தொடாது விட்டமைக்குக் காரணம், அவர்களுள் எவருக்கும் அரைப்பேர் விழுந்ததில்லை என்பதே போலும். (பேர் என்பது தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குச் செக்ரோலில் ஏறும் பதிவு, கொழுந்து நிறை குறைந்தால் அது அரையாகும்.)

கூடும்: இதுவே சிக்கலின் வேர். தனிவினையாயின் ‘பெருகும்’ எனவும், ‘வரக்கூடும்’ என்பதுபோல் துணைவினையாயின் ‘ஒருவேளை’ எனவும், குழுவைச் சார்ந்து வரின் ‘ஒன்றுசேரும்’ எனவும் பொருள்படும். ஆகவே ‘சம்பளம் பற்றிப் பேசக் குழு கூடும்’ என்பது ஐயமற்ற உறுதிப்பாங்கு. ‘பேசிய பின் சம்பளம் கூடக்கூடும்’ என்பதில் முதற்கூடு பொருளையும் இரண்டாங்கூடு அப்பொருள் கைக்கு வாராமையையும் உணர்த்தும். ‘கூடும்’ தனித்து நின்றாலும் துணைவினை உள்ளே மறைந்திருக்கும் என்பர் ஒரு சாரார். மறைந்திருப்பது துணைவினையன்று, சம்பளமே என்பர் அவரை மறுப்போர். இருசாராரையும் மறுத்து, தம் மறுப்பையே மூன்றாம் பதிப்பின் அடிக்குறிப்பில் மறுத்து, அவ்வடிக்குறிப்பை அச்சுப்பிழை எனப் பின்னிணைப்பில் அறிவித்தவரும் உளர்.

சான்று வருமாறு. 2015 முதல் கேட்கப்பட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் ஏறியது. எனவே அந்தக் ‘கூடும்’ ஏறத்தாழ 6 ஆண்டுகள் விழைவுப்பாங்கில் நின்றது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 ரூபாய் என உறுதிப்பாங்கில் மொழியப்பட்ட வினை, நீதிமன்ற இடைக்காலத் தடையால் விழைவுப்பாங்காகி, செப்டெம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாகத் தேய்ந்தது. மேடையில் ஒரு பாங்கும் வர்த்தமானியில் மறுபாங்கும் கொள்ளும் இத்தகைய வினைக்குப் பிரெஞ்சு இலக்கணத்தில் இடமில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கை இறக்கிவைக்கும் பெண், ‘கூடுனா கூடட்டும்’ என்கிறார். நிபந்தனையும் வியங்கோளும் கைகோத்த இத்தொடரில் விருப்பமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஆதலின் இதற்குப் பெயரிட இலக்கணிகளின் இன்னொரு குழு கூடும். சாக்குக்கும் ஈரத்துக்குமெனத் தராசடியில் கிலோ கழிக்கும்போது வழங்கும் ‘குறையும்’ என்னும் வினைக்கோ இவ்வாய்வு தேவையில்லை. அது எக்காலத்தும் உறுதிப்பாங்கே.